முதுகுப் படர்தாமரைக்குத் தேன் வைத்தியம்

ஏங்க,

சாப்பாடு அடுப்பு மேல மூடி வெச்சிருக்கேன். தேன் பாட்டிலைத் தேடாதீங்க, பரண்ல ஏத்திட்டேன்.

முதுகுல படர்தாமரைன்னு ஒரு மாசமா தேனும் தேன்மெழுகும் குழைச்சு என்னையே தடவ வெச்சீங்க. காசளவு இருந்தது இப்ப சாசர் அளவு ஆயிடுச்சு. எறும்புங்கதான் நல்லா தேறியிருக்கு. வாசல்லேருந்து கட்டில் வரைக்கும் வரிசை கட்டுது. நேத்து தடவ மாட்டேன்னதும், "இயற்கையைப் பத்தி உனக்கென்ன தெரியும்?"னு கேட்டீங்க. மருந்துக்கடையில நாள் பூரா நிக்கிறவளைப் பார்த்து!

மத்தியானம் உங்க தேன்காரர் அடுத்த பாட்டிலோட வருவார். செருப்பைக் கழட்டச் சொல்லி, கால்விரல் இடுக்கைப் பாருங்க. நேத்து எங்க கடைக்கு வந்து சேத்துப்புண்ணுக்குக் களிம்பு வாங்கினார். என்னை அவருக்குத் தெரியாது. பாட்டில்ல ஒட்டியிருக்கிற படத்துல உள்ள அதே மீசை, எனக்குத் தெரியாதா? "தேன் தடவிப் பார்க்கலையா?"ன்னு கேட்டேன். "அது விக்கிறதுக்கும்மா"ன்னார்.

நேத்தே சொல்ல வந்தேன். நீங்க போர்வையை இழுத்து மூடிக்கிட்டீங்க.

வெளிய போனா சாவியைப் பக்கத்து வீட்டுல குடுத்துட்டுப் போங்க.

நான் ஹால்ல படுத்தது எறும்புக்குப் பயந்து. கோவம் தனியா இருக்கு.

இன்னொண்ணு: அதே களிம்பு உங்க தலகாணிக்கடியில இருக்கு, படர்தாமரைக்கும் அதுதான் மருந்து. முதுகுக்கு உங்க கை எட்டாது. நான் வந்து தடவுறேன், அதுவரைக்கும் சொறியாம இருங்க.