கப்பல் நிற்கும் அரை நாள்

ஞாயிறு, ஜூன் 14. புத்தூர்.

அமெரிக்காவில் இருக்கும் தம்பி எங்களைக் கரீபியன் தீவுகளுக்குக் கப்பலில் அனுப்பப் பார்க்கிறான். டொமினிக்கா தீவிலும் அரை நாள் நிற்குமாம். கல்யாணமான புதிதில் இவர் அங்கேதான் கல்லூரியில் பாடம் நடத்தினார்.

அங்கே போன முதல் நாள் ஷேர் வேனில் பேசாமல் ஏறி உட்கார்ந்தேன். அந்த ஊரில் வேனில் ஏறுகிறவர் உள்ளே இருக்கும் எல்லோருக்கும் வணக்கம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியாது. பக்கத்திலிருந்த மரியா, "ராத்திரி நாம ஒரே வீட்லயா தூங்கினோம், வணக்கம்கூட இல்ல?" என்றாள். வேனே சிரித்தது. அன்றிலிருந்து சிநேகிதி. அவள் வறுக்கும் மீன் என்றால் இவருக்கு உயிர். இன்றும் பஸ்ஸில் ஏறினால் வணக்கம் சொல்ல எனக்கு வாய் தானாகத் திறக்கிறது.

அவள் வீடு துறைமுகத்திலிருந்து மலைக்கு அந்தப் பக்கம். போய்த் திரும்புவதற்குள் கப்பல் கிளம்பிவிடும்.

"கப்பல்னா சோறு, ரூம் எல்லாம் அதுலயே. இந்த முட்டிய வச்சிக்கினு என்னால வேன்ல ஏற முடியுமா?" என்றார் இவர்.

"திருப்பதிக்கு பேக்கேஜ் பஸ்ல வர்றவங்க நம்ம புத்தூர ஜன்னல்லதான் பாத்துக்கினு போறாங்க. மரியா ஊர நானும் அப்டிதான் பாக்கணுமாங்க?"

தம்பிக்குப் போன் போட்டேன். கப்பல் வேண்டாம், விமான டிக்கெட் போதும் என்றேன்.

"ஒண்ணா, ரெண்டாக்கா?"

இவரைப் பார்த்தேன்.

"மரியா இன்னும் அந்த மீன் வறுக்குதா, கேளு" என்றார்.

"ரெண்டு" என்றேன்.