லிஃப்ட் குழிக்குள் சிக்னல் கிடையாது

பிப்ரவரி 3

என்னங்க,

நல்லபடியா வந்து சேர்ந்தேன். போன்ல பேசினா ரெண்டாவது நிமிஷம் நீங்க குரலை உயர்த்துறீங்க, மூணாவது நிமிஷம் நான் வச்சுடறேன். அதான் மெயில்ல எழுதறேன்.

அறை சின்னது. கட்டில், மேசை, திறந்தா மூடிக்க மறுக்கிற ஒரு ஜன்னல். பயிற்சிக்கூடம் பஸ்ல கால் மணி நேரம். நம்ம லேப்ல நான் கையால இழைக்கிற செயற்கைப் பல்லை இங்கே மெஷினே கடைஞ்சு தந்துடுது. நிறம் ஏத்துறது மட்டும் இன்னும் கைவேலைதான். அதுல என்னை ஜெயிக்க ஆளில்லை, கவலைப்படாதீங்க.

இப்ப உங்க பண ஏற்பாட்டுக்கு வர்றேன். பெட்டித் துணிக்குள்ள கொஞ்சம், கோட்டுக்குள்ள கொஞ்சம், ஷூ அட்டைக்கு அடியில கொஞ்சம்னு பிரிச்சு வச்சீங்களே. இறங்கின அன்னிக்கே மழை. ஷூவுல இருந்தது கூழாயிடுச்சு. பணம் மாத்துற கவுண்டர்க்காரர் அதை ரெண்டு விரலால தூக்கினார், செத்த எலியைத் தூக்குற மாதிரி. மீதியை மாத்தி எடுத்துக்கிட்டுப் போனா, பஸ்ல நோட்டு வாங்க மாட்டாங்களாம், கேன்டீன்லயும் வாங்க மாட்டாங்களாம். எல்லாம் போன்ல கார்டு நம்பரைப் போட்டுத்தான் கட்டணும். போட்டேன். ஓ.டி.பி. வந்துச்சு. யாருக்கு? உங்களுக்கு. நீங்க எங்கே? ரிப்பேர் வேலைன்னு ஏதோ ஒரு லிஃப்ட் குழிக்குள்ள. எனக்குப் பின்னால வரிசை நின்னுச்சு. சாப்பாட்டுத் தட்டைத் திருப்பி வச்சுட்டு வந்துட்டேன்.

என் சம்பளம், என் கணக்கு. போன் நம்பர் மட்டும் உங்களுது. "நீ போனைத் தொலைப்பே"ன்னு அன்னிக்குச் சொன்னீங்க, நானும் தலையாட்டினேன். இதை மாத்தணும்ங்க.

சின்னதுக்கு ரெட்டைப் பின்னல் போட்டு அனுப்புங்க. ஒத்தைப் பின்னல் போட்டா பள்ளிக்கூடத்துல திட்டுவாங்க.

உங்கள் பல்லழகி


பிப்ரவரி 7

அன்புள்ள பல்லழகிக்கு,

நான் என்ன குழிக்குள்ள தூங்கவா போறேன்? ரெண்டு மாடிக்கு நடுவுல லிஃப்டுக்குள்ள ரெண்டு பேரு மாட்டிக்கிட்டுக் கத்துறாங்க. வெளியே வந்து பார்த்தா உன் மெசேஜ் வரிசையா நிக்குது, கடைசியில வெறும் ஆச்சரியக்குறி மட்டும். அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா?

கையில இருக்கிற நோட்டு ஓ.டி.பி. கேட்காது. இதை எத்தனை தடவை சொல்றது! கார்டுல பணம் வச்சிருந்த எங்க சூப்பர்வைசர் ஒரே மத்தியானத்துல எல்லாத்தையும் பறிகொடுத்தார். தெரியாத ஊர்ல உனக்கு அப்படி ஆச்சுன்னா? அதனால ஒரு வழி கண்டுபிடிச்சேன். பேங்குல பயணக் கார்டுன்னு ஒண்ணு தர்றாங்களாம், அது ஓ.டி.பி. கேட்காதாம். திங்கக்கிழமை தோறும் நான் இங்கிருந்து பணம் ஏத்துவேன், நீ அங்கே செலவு பண்ணு. திருடினாலும் ஒரு வாரக் காசோட போகும்.

சின்னதுக்குப் பின்னல் போட்டேன். ஒண்ணு காதுக்கு மேல, ஒண்ணு காதுக்குக் கீழ வந்திருக்கு. அவளே சிரிச்சுட்டா.

லிஃப்ட்காரன்


பிப்ரவரி 16

என்னங்க,

பயணக் கார்டு வந்துச்சு. திங்கக்கிழமையும் வந்துச்சு. பணம்தான் வரல. உங்களுக்கு ஆஸ்பத்திரி லிஃப்ட் நின்னுடுச்சு, சரி, அது பெரிய வேலைதான். ஆனா பஸ்ஸுக்குக் கட்டக் கார்டுல காசில்லாம மழையில நடந்தே அறைக்கு வந்தது நான். கோட்டைப் பிழிஞ்சு நாற்காலியில போட்டிருக்கேன், இன்னும் சொட்டுது.

அதைக்கூடப் பொறுத்துக்குவேன். பழைய கார்டுக்கு ஓ.டி.பி. கேட்டுக் கூப்பிட்டா, நம்பரைச் சொல்றதுக்கு முன்னாடி "எதுக்கு?"ன்னு ஒரு கேள்வி கேட்கறீங்களே, அதைத்தான் தாங்க முடியல. கம்பளிக் காலுறைக்கு எதுக்குன்னு கேட்டா என்னங்க சொல்றது? காலுக்குன்னு சொல்றதா?

பேங்குக்கு எழுதினேன். கணக்குல இருக்கிற போன் நம்பரை என்னுதா மாத்தித் தர்றாங்களாம். ஆனா அதுக்கும் பழைய நம்பருக்குத்தான் ஓ.டி.பி. போகுமாம். உங்ககிட்ட ஓ.டி.பி. கேட்காம இருக்கறதுக்கே உங்ககிட்ட ஓ.டி.பி. கேட்கணும்! நாளைக்கு மத்தியானம் வரும். வந்த உடனே சொல்லிடுங்க, கொஞ்ச நேரம்தான் செல்லும்.

ஒரு சங்கதி. இங்கே தலைமை டெக்னீஷியன் அம்மாவுக்கு என் வேலை பிடிச்சுப்போச்சு. பயிற்சி முடிஞ்சதும் ஒரு வருஷம் இங்கேயே வேலைக்கு இருக்கியான்னு கேட்டாங்க. சிரிச்சுட்டு வந்துட்டேன்.

பல்லழகி


பிப்ரவரி 20

அன்புள்ள பல்லழகிக்கு,

அன்னிக்கு மத்தியானம் நான் குழிக்குள்ள இருந்தேன். வெளியே வந்தப்போ நம்பர் காலாவதி ஆயிடுச்சு. நான் என்ன பண்ணுவேன், சொல்லு.

வாஷிங் மெஷின் தண்ணியைக் குடிக்குது, துப்ப மாட்டேங்குது. ஊர் லிஃப்டெல்லாம் சரி பண்றவன் வீட்ல பக்கெட்டும் கையுமா நிக்கிறேன். சின்னது உன் தலையணையை எடுத்துக்கிட்டுப் போய்த் தூங்குறா. கேட்டா தன்னோடதுன்னு சண்டைக்கு வர்றா.

அந்த ஒரு வருஷம், அது சும்மா பேச்சுக்குத்தானே கேட்டாங்க?

லிஃப்ட்காரன்


பிப்ரவரி 22

என்னங்க,

சின்னதுகிட்டப் பேசினேன். அந்த ஓ.டி.பி. வந்த அன்னிக்கு அவளுக்குக் காய்ச்சல்னு நீங்க வேலைக்கே போகலையாம். மத்தியானம் கட்டில்ல உட்கார்ந்து போனையே பார்த்துக்கிட்டு இருந்தாராம் அப்பா. "யாருப்பா?"ன்னு கேட்டாளாம். "யாருமில்ல"ன்னு சொன்னீங்களாம்.

நம்ம வீட்டுக் கட்டில் எப்பங்க குழியாச்சு?

பணத்தை ஷூவுக்குள்ள வச்சீங்க, சரி. பயத்துல பண்ணினதுன்னு நினைச்சேன். இது பயமில்ல. என் வாழ்க்கையில முதல் தடவையா ஒரு கடையில எனக்குப் பிடிச்சதை யாருக்கும் காரணம் சொல்லாம வாங்கலாம்னு நினைச்சு வந்தேன். அது தப்பா? நேரா சொல்லுங்க. இல்லேன்னா எழுதவே எழுதாதீங்க.

இப்படிக்கு,
கணக்குக்குச் சொந்தக்காரி


பிப்ரவரி 25

உனக்கு,

எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியல. பொய்தான் சொன்னேன்.

அந்த மெசேஜ் வந்துச்சு. நம்பரும் இருந்துச்சு. கீழே, "இதற்குப் பிறகு இந்த எண்ணுக்குத் தகவல் வராது"ன்னு ஒரு வரி. அதைப் படிச்சதும் கை ஓடல. நீ போனதுலேர்ந்து தினமும் கூப்பிடுறே. எல்லாம் ஓ.டி.பி.க்குத்தான், பாதி திட்டுதான். ஆனா கூப்பிடுறே. இது போயிட்டா நீ எதுக்குக் கூப்பிடுவே? "எதுக்கு?"ன்னு நான் கேட்டதும் கணக்குப் பார்க்க இல்ல. நம்பரை உடனே சொல்லிட்டா நீ உடனே வச்சுடுவே. அப்புறம் அந்த ஒரு வருஷம் வேற. கார்டு உன் கைக்கு வந்தா நீ வரமாட்டியோன்னு ஒரு நினைப்பு. புத்திகெட்ட நினைப்புதான்.

உனக்குக் கோபம் வர்றது நியாயம். எனக்கே என்மேல எரிச்சலா இருக்கு.

சனிக்கிழமை எங்கேயும் போகல. மொட்டை மாடியில நிக்கிறேன், அங்கே சிக்னல் நல்லா இருக்கும். பேங்குல திரும்ப அனுப்பச் சொல்லு.

லிஃப்ட்காரன்


மார்ச் 1

என்னங்க,

நேத்து அஞ்சு இலக்கத்தை ஒண்ணொண்ணா நிறுத்திச் சொன்னீங்க. ஆறாவதுக்கு முன்னாடி நிறுத்திட்டு, "திரும்பி வருவியா?"ன்னு கேட்டீங்க. நான், "முதல்ல நம்பரைச் சொல்லுங்க"ன்னேன். எனக்கு அப்போ உங்க கழுத்தைப் பிடிக்கணும்போல இருந்துச்சு. ஒரு மூச்சு கேட்டுச்சு. அப்புறம் என் பதிலுக்குக் காத்திருக்காம சொல்லிட்டீங்க. நானும் வச்சுட்டேன்.

அப்பவே பதில் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தா அது அந்த நம்பருக்குக் கொடுத்த விலையா ஆயிருக்கும். காலம் பூரா நீங்களும் அப்படித்தான் நினைப்பீங்க, நானும் அப்படித்தான் நினைப்பேன்.

இப்ப உங்ககிட்ட எனக்கு வாங்க வேண்டியது ஒண்ணும் இல்ல. அதனால சொல்றேன். வர்றேன்.

ஒரு வருஷ வேலையை வேண்டாம்னு சொல்லல. யோசிச்சுச் சொல்றேன்னுதான் சொல்லியிருக்கேன். ஆசை இருக்குங்க, மறைக்க மாட்டேன். வீட்டுக்கு வந்து, நீங்க, நான், சின்னது மூணு பேரும் உட்கார்ந்து பேசுவோம்.

டிக்கெட் இப்பதான் எடுத்தேன். ஓ.டி.பி. என் போனுக்கே வந்துச்சு, நானே போட்டேன், யாரும் எதுக்குன்னு கேட்கல. எடுத்த கையோட யார்கிட்டயாவது சொல்லணும்போல இருந்துச்சு. உங்களைத்தான் கூப்பிட்டேன். நீங்க எடுக்கல.

திரும்பக் கூப்பிடுங்க.

பல்லழகி