கமாண்டர் விழுங்கிய வார்த்தை

அன்பு மகள் சிட்டுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நலம், என் இடது முழங்காலைத் தவிர. அது கொஞ்ச நாளாக என் பேச்சைக் கேட்பதில்லை. அங்கே நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்களா. நான் கடிதம் எழுதிப் பல வருஷமாகிவிட்டது, எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள். போனிலேயே சொல்லலாமே என்று கேட்பாய். போனை எடுத்தால் என் வாய் வேறு யாரோ மாதிரி பேசிவிடுகிறது, அது உன்னைவிட யாருக்குத் தெரியும், அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

உன் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது வீட்டில் இருக்கிற தூசியெல்லாம் அவளுக்குத் தெரிகிறது, அதனால் கஷ்டம் எனக்குத்தான், தினமும் துடைப்பமும் கையுமாக அலைகிறேன். சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது, உன் அண்ணன் வந்து சரி செய்கிறேன் என்று மொத்தமாகக் கழற்றி வைத்துவிட்டுப் போய்விட்டான், பிறகு பிளம்பரைக் கூப்பிட வேண்டியதாயிற்று. எதிர்வீட்டுத் தையல்காரம்மா உன்னை விசாரித்தாள். அங்கே குளிர் அதிகம் என்று கேள்விப்பட்டேன், காதை மூடாமல் வெளியே போகாதே, உனக்குச் சின்ன வயதிலிருந்தே காதுதான் முதலில் வலிக்கும். இதெல்லாம் சும்மா சுற்றி வளைக்கிறேன் என்று உனக்கே புரிந்திருக்கும். விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் ஸ்டுடியோவிலிருந்து கூப்பிட்டார்கள். நட்சத்திரங்களுக்கு நடுவே விண்கப்பல் ஓட்டுகிற அந்தக் கமாண்டருக்கு நம் மொழியில் ஆறு வருஷம் குரல் கொடுத்தேனே, அந்த டிவி தொடரின் பழைய படத்தைத் துலக்கி மறுபடி போடப் போகிறார்களாம். பழைய ஒலிநாடா அங்கங்கே கெட்டுப்போய்விட்டதால் அந்த இடங்களை மட்டும் நானே திரும்பப் பேச வேண்டும் என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. தெருவில் ஒருவர் விடாமல் சொன்னேன், இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு காலை எட்டு மணிக்கே கிளம்பினேன். உன் அம்மா, நேரா வானத்துக்கே போறவர் மாதிரி இல்ல கிளம்புறாரு என்று கேலி செய்தாள்.

அங்கே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்ட் இன்ஜினியராக ஒரு பெண், உன் வயதுதான் இருக்கும். நாலு நல்ல வார்த்தை கேட்கலாமே என்கிற ஆசையில், நீ சின்ன வயசில் இதைப் பார்த்திருக்கியாம்மா என்று கேட்டேன். பார்த்திருக்கேன் சார், உங்க குரல்னா எங்க வீட்டுல எல்லாருக்கும் உயிர், ஆனா அந்தக் கமாண்டரை மட்டும் எனக்குப் பிடிக்காது, அத்தனை பேரைக் காப்பாத்துறான், ஒருத்தரைக்கூட உனக்கு வலிக்குதான்னு கேக்க மாட்டான், இரக்கமே இல்லாத ஆளு என்று பட்டென்று சொல்லிவிட்டாள். என் முகம் போன போக்கைக் கண்ணாடியிலேயே பார்த்தேன். ஒன்பது வயதில் நீ சொன்னதும் இதேதானே.

உனக்கு ஞாபகம் இருக்கும், எஞ்சின் அறை தீப்பிடிக்கிற பாகம். உள்ளே மெக்கானிக் மாட்டிக்கொள்வான், கதவை மூடாவிட்டால் கப்பலில் இருக்கிற இருநூறு பேரும் சாக வேண்டியதுதான், கமாண்டர் பொத்தானை அழுத்தி மூடிவிடுவான். கொஞ்ச நேரம் கதவைப் பார்த்தபடி நிற்பான், நமக்கு அவன் முதுகு மட்டும் தெரியும், பிறகு திரும்பி, “திரும்பிப் பார்க்க நேரமில்லை, கப்பல் நகரட்டும்” என்பான். நம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் எல்லாரும் கை தட்டினார்கள். நீ மட்டும் அழுதாய். கதவை மூடினது சரிப்பா, ஆனா அந்த மாமாகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல என்று கேட்டாய். நான் அத்தனை பேர் முன்னால் சிரித்து உன்னை அழுமூஞ்சி என்றேன். இரக்கம் பாத்தா கப்பல் ஓட்ட முடியாதுடி, கமாண்டர்னா அப்படித்தான் என்றேன். நீ இரண்டு நாள் விடாமல் வாதாடிவிட்டு ஓய்ந்துபோனாய்.

சிட்டு, அவன் சொன்னான். மூலப் படத்தில் அந்த முதுகு காட்டி நிற்கிற நேரம் முழுவதும் அவன் பேசுகிறான். கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு, என்னை மன்னிச்சிடு, பயப்படாதே, நான் போகல, இங்கேதான் நிக்கிறேன் என்று அழுதுகொண்டே சொல்கிறான். நமக்கு எழுதிக் கொடுத்த வசனத்தாளிலும் அது இருந்தது. எங்கள் தொழிலில் முதுகு தெரிகிற இடம் என்றால் எங்கள் இஷ்டம், வாயசைவு தெரியாதே, ஒரு வரி சேர்க்கலாம், ஒரு வரி தள்ளலாம், பார்க்கிறவனுக்குக் கடைசிவரை தெரியாது. நான் தள்ளிவிட்டேன். ஹீரோ போய் மன்னிப்பு கேட்டா கெத்து போயிடும் சார் என்று டப்பிங் பார்த்துக்கொண்டவரிடம் சொல்லிச் சம்மதிக்க வைத்தேன். அதுகூட முழு நிஜம் இல்லை. மூன்று தடவை பேசிப் பார்த்தேன், எனக்கு வரவில்லை. ஆறு வருஷத்தில் எனக்கு வராத ஒரே வசனம் அது. மற்ற கலைஞர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், மானம் போகிறதே என்று கெத்தைச் சாக்காகச் சொன்னேன். அவனிடம் இருந்த இரக்கத்தை நான் விழுங்கிவிட்டு, அப்படி ஒன்று தேவையே இல்லை என்று ஒன்பது வயதுப் பிள்ளையிடம் சாதித்தேன்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. போன வருஷம் ஆஸ்பத்திரியிலிருந்து நீ போன் செய்தாய். அப்போது உனக்கு அஞ்சு மாசம். அப்பா, குழந்தை இல்லப்பா என்றாய். நான் என்ன செய்தேன், தொண்டையைச் செருமிக்கொண்டு, திரும்பிப் பார்க்க நேரமில்லை, அடுத்ததைப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டுப் போனை உன் அம்மா கையில் கொடுத்துவிட்டேன். அதே வரி, அதே குரல். எழுதவே கை கூசுகிறது. இதில் பெருமை வேறு, பொண்ணுக்கு நல்லா தைரியம் சொன்னேன் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து நீ போன் செய்தால், அப்பா சாப்பிட்டாரா என்று அம்மாவிடம் கேட்பதோடு சரி. உன் மேல் தப்பே இல்லை.

அன்றைக்கு ஸ்டுடியோவில் அந்தப் பெண், சார், இந்த இடத்துல நாப்பது செகண்ட் காலியா இருக்கு, மூலத்துல பேசுறான், நம்ம டேப்புல அழிஞ்சிருக்கும் போல என்றாள். ஆமாம்மா, அழிஞ்சிருக்கும் என்று அப்போதும் கூசாமல் பொய் சொன்னேன். பேச ஆரம்பித்தேன். சார், மன்னிப்பு கேக்குற மாதிரி இல்ல, ஆர்டர் போடுற மாதிரி இருக்கு என்றாள். திரும்பப் பேசினேன், திரும்ப அதையே சொன்னாள். ஒன்பது டேக் ஆகிவிட்டது, சட்டை நனைந்துவிட்டது. பத்தாவது தடவை திரையில் அந்தக் கதவு மூடியபோது, நீ போனில் அப்பா என்று கூப்பிட்டது அப்படியே காதில் விழுந்தது. குரல் உடைந்துவிட்டது சிட்டு, மூக்கு ஒழுக, பாதி வார்த்தை வந்தும் வராமலும் ஏதோ சொன்னேன். அவள் நிறுத்தவில்லை. சிவப்பு விளக்கு அணைந்ததும் ஒரு கிளாஸ் தண்ணீரோடு உள்ளே வந்தாள். டேப் அழியலைம்மா, நான்தான் பேசலை என்று உண்மையைச் சொன்னேன். இப்ப பேசிட்டீங்க இல்ல சார் என்றாள்.

பேசினேன், ஆனால் அது அந்த மெக்கானிக்குக்கு. உனக்கு இன்னும் பேசவில்லை. என்னை மன்னித்துவிடு. எத்தனை நாள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாய் என்றுகூட நான் கேட்கவில்லை. மாப்பிள்ளை எப்படி இருக்கிறார் என்று கேட்கவில்லை, அவருக்கும்தானே அது பிள்ளை. நீங்கள் இருவரும் ஒரு பெயர் யோசித்து வைத்திருந்தீர்களாம். என்ன பெயர் என்று உன் அம்மாவிடம் கேட்டேன், அதை அவகிட்டயே கேளுங்க என்று சொல்லிவிட்டாள். அதனால் உன்னிடம் கேட்கிறேன். சொல்ல மனசிருந்தால் சொல், இல்லாவிட்டால் வேண்டாம், அப்பா கோபித்துக்கொள்ள மாட்டேன், எனக்குக் கோபப்பட யோக்கியதையும் இல்லை.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். இருவரும் நன்றாக இருங்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளுங்கள், அதுதான் என் ஆசீர்வாதம். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. இந்தக் கடிதம் கிடைத்த பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது போனை நான்தான் எடுப்பேன். இந்தத் தடவை ஒன்றும் பேச மாட்டேன், நீ சொல்வதைக் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பேன். சத்தமே இல்லையே, லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்து வைத்துவிடாதே, நான் இங்கேதான் இருப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா