டப்பாவுக்குள் போன எலும்பு

ஸ்கீனா கழிமுகம், ஜூன் 1931

அன்புள்ள ஈனோக்குக்கு,

உங்கள் முழங்கால் வலி தேவலையா? நான் சுகம்தான்.

இந்தப் பருவத்தின் முதல் சால்மன் மீனை, இந்த மீன் டப்பா ஆலையிலேயே வேகமான கைக்காரி என்று என்னிடம்தான் அறுக்கக் கொடுத்தார்கள். பெருமையில் எலும்போடு துண்டாக்கி அடைத்துவிட்டேன். முதல் மீனின் எலும்பை ஆற்றுக்கே திருப்பித் தரவேண்டும் என்ற நம் வழக்கம் நினைவுக்கு வந்தபோது டப்பாவை மூடியாகிவிட்டது.

“ஏண்டி செலினா, பேரன் பேத்தி எடுத்தவளுக்கு இதுகூடவா மறந்துபோச்சு?” என்றாள் பக்கத்தில் மீன் அறுக்கும் லிடியா.

மீன் கோபித்துக்கொண்டு ஆற்றில் நம் ஊர்வரை ஏறி வராவிட்டால், குளிர்காலத்தில் பிள்ளைகள் எதைத் தின்பார்கள்?

அன்று அடைத்ததில் ஒரு டப்பா அனுப்புகிறேன். எலும்பை ஆற்றில் விட்டு, என் பேரைச் சொல்லி மன்னிப்புக் கேளுங்கள். காய்ந்த பெர்ரி கொஞ்சம் அனுப்புங்கள். இங்கே சாப்பாடு இறங்கவில்லை.

சங்கு ஊதுகிறது, ஓடவேண்டும். இந்த டப்பாவில் இருப்பது அந்த முதல் மீன்தானா என்று எனக்குத் தெரியாது. ஆற்றிடம் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

உங்கள்
செலினா