நானூறு மடங்கு வெளிச்சம்

சாங்வி, புனே
ஞாயிற்றுக்கிழமை

அன்புத் தோழி தீபாவுக்கு,

நலம். உன் நலமும் அப்படியே இருக்கட்டும். அதை நீயே கெடுத்துக்கொள்ளக் கிளம்பியிருக்கிறாய் என்பதால்தான் இந்தக் கடிதம். மெயிலில் போட்டால் அழியாமல் நிற்கும். இதைப் படித்ததும் கிழித்துவிடு.

ஜெர்மனி போய்ச் சேர்ந்த பிறகு உனக்கு மனசாட்சி முளைத்திருக்கிறது. நம் ஆய்வுக் கட்டுரையில் தப்பு என்று நம் கைடு சாருக்கு எழுதப்போகிறாயாம். நுண்ணிய தங்கக் கோடுகளின் மேல் பூசிய சாயம், வெறும் கண்ணாடியில் பூசிய அதே சாயத்தைவிட நானூறு மடங்கு ஒளிர்ந்தது என்று எழுதினோம். தங்கத் தகட்டிலாவது ஃபோகஸ் செய்யக் கோடு தெரியும். வெறும் கண்ணாடியில் என்ன தெரியும்? லேசரைச் சாயத்தின் மேலேயே வைத்துக்கொண்டு தேடினோம். தேடி முடிப்பதற்குள் அந்த வெளிச்சத்திலேயே அது வெளுத்து மங்கிவிட்டது. மங்கிப்போன அளவால் வகுத்தால் எதுதான் நானூறு ஆகாது? எனக்கும் தெரியும் தாயே. அதற்காக?

லேபில் புதிதாகச் சேர்ந்த சூர்யா அதையே திரும்ப அளந்தால் நாற்பது மடங்குக்கு மேல் வரவே இல்லை. பாவி, ஒவ்வொரு தடவையும் கண்ணாடியை நகர்த்தி வெளுக்காத இடத்தில் அளக்கிறான். அதுதான் சரி. சாருக்கு அது தெரியாதே! கை நடுங்குகிறவனுக்கு இங்கே என்ன வேலை என்று எல்லோர் முன்னாலும் திட்டி, இனி வரவேண்டாம் என்றுவிட்டார். அவன் அப்பா துரைசாமி, காசார்வாடியில் லேத் ஓட்டுகிறவர், பாகர்வடிப் பலகாரப் பொட்டலத்தோடு வந்தார். நம்ம பொண்ணு நீதாம்மா சொல்லணும், என் பையன் கையில என்ன குறை என்று என்னிடம் கேட்டார். பழகினால் சரியாகிவிடும் என்றேன். பாகர்வடி நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த மாதம் எனக்கு வாய்மொழித் தேர்வு. என் ஆய்வேடு முழுக்க அந்த நானூறை நம்பித்தான் நிற்கிறது. உனக்கு வேலை கிடைத்தாயிற்று, நல்லவளாக இருக்க நேரம் இருக்கிறது. எனக்கு இல்லை. நீ வாயைத் திறந்தால் அவனைத் திரும்பக் கூப்பிடுவார்கள், என் பட்டம் போகும். அவன் சின்னவன், ஆகுர்டியில் ஏதாவது கம்பெனியில் சேர்ந்துகொள்வான்.

நேற்று லேப் சாவியை ஒப்படைக்க வந்தான். தீபாக்கா அவ்ளோ நல்லா பண்ணி வெச்சதை நான் கெடுத்துட்டேன், என்னை மன்னிச்சிடச் சொல்லுங்க என்றான். சொல்லிவிட்டேன். மன்னித்துவிட்டதாக அவனுக்கு ஒரு வரி எழுதிப் போடு. சாருக்கு மட்டும் எதுவும் எழுதாதே, உன் காலில் விழுகிறேன்.

நீ நீடூழி வாழ வேண்டும்.

உன்
மல்லிகா