இரும்புப் பரம்பு

அன்பு மகன் செந்தூர்வேலுக்கு, ஓட்டப்பிடாரத்திலிருந்து அம்மா எழுதுவது. நீ சார்ஜாவில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க முருகன் துணை. இங்கே நான் நலம். அப்பாவும் நலம் என்று எழுதுவதற்கு முன்னால் செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்ல வேண்டும். நான் உன்னோடு போனில் பேசும்போதெல்லாம் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். அதனால்தான் நாளை கிளம்புகிற உன் ரூம் பையன், காயல்பட்டினத்து ஸைத் கையில் கருப்பட்டியோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன்.

வெள்ளத்துக்குப் பிறகு நம் உளுந்து நிலம் மேடும் பள்ளமுமாகக் கிடப்பது உனக்குத் தெரியும். போன தடவை பள்ளத்தில் தண்ணீர் நின்று பாதிச் செடி அழுகிப்போனது. ஜேசிபிக்காரன் இன்று நாளை என்று இழுக்கவே, அப்பா ஹார்பர் பக்கம் பழைய இரும்புக் கடையில், கப்பலில் கழித்த இரும்புச் சட்டம், சேனல் என்கிறார்கள், இரண்டு வாங்கி, பொன்னுதுரை பட்டறையில் குறுக்குக் கம்பி வெல்டிங் வைத்து, டிராக்டரில் சங்கிலி போட்டு இழுத்து மண்ணை நிரவுகிற மாதிரி ஒரு பரம்பு செய்தார். போட்டோ பார்த்துவிட்டு ஜோராக இருக்கிறது என்றாயே, அதுதான். செவ்வாய்க்கிழமை உன் மாமா லிங்கராஜ் தன் டிராக்டரைக் கொண்டுவந்து ஓட்டினான். முதல் சுற்றில் பரம்பு மண்ணை வெட்டாமல் துள்ளித் துள்ளிப் போனது. கனம் பத்தவில்லை என்று சொல்லி, மாடு பூட்டிய காலத்தில் பரம்புப் பலகை மேல் நின்ற மாதிரியே அப்பா ஒரு கயிற்றைக் கட்டிப் பிடித்து இரும்பின் மேல் ஏறி நின்றுகொண்டார். வேண்டாம் அத்தான் என்று லிங்கராஜ் சொன்னதற்கு, ஏலே, நீ முன்னால பாத்து ஓட்டு, பின்னால நான் பாத்துக்கிடுதேன் என்றார். அவனும் முன்னால் பார்த்தே ஓட்டினான். வடக்கு ஓரத்தில் மண்ணுக்குள் ஒரு பனந்தூர், வெட்டிய பனையின் அடிக்கட்டை, கிடந்திருக்கிறது. அதில் மாட்டிப் பரம்பு எழும்பியது. அப்பா முன்னால் சங்கிலி மேல் விழுந்தார், தூரை விட்டு வந்த இரும்பு வேட்டியை அமுக்கிக்கொண்டு அவர் மேல் வருகிறது. நான் வரப்பில் நின்று கத்தியது இஞ்சின் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. கையில் இருந்த மோர்த்தூக்கை வீசினேன். அது மட்கார்டில் பட்டதும் திரும்பிப் பார்த்து பிரேக்கை மிதித்தான். அப்பாவுக்குக் கெண்டைக்காலில் தையல் போட்டிருக்கிறது, எலும்புக்கு ஒன்றும் இல்லை. எழுந்து உட்கார்ந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "மாடுன்னா நின்னுருக்கும்லா." லிங்கராஜ் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே அழுதான்.

இதோடு விடுவார் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை மீதியையும் அடித்துவிடலாம், இந்தத் தடவை கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன் என்கிறார். லிங்கராஜ் ஓட்ட மாட்டேன் என்றால் வேறு ஆள் இல்லையா என்கிறார். இரண்டு நாள் சொல்லிச் சொல்லி என் தொண்டை வற்றியதுதான் மிச்சம். இன்று மத்தியானம் சோறு போடும்போது, "நீங்க ஏறினா நானும் பக்கத்துல ஏறி நிப்பேன், ரெண்டு ஆள் கனம் இன்னும் நல்லதுதான" என்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, லிங்கராஜுக்குப் போன் போட்டு சாக்கு இருக்கா என்று கேட்டார். உப்பளத்திலிருந்து உப்பு மூட்டையாகவே கொண்டுவரவா என்று அவன் கேட்டிருப்பான் போல, விதைக்கிற நிலத்துல உப்பையா கொட்டுவ, சாக்குல மண்ண அள்ளிக் கட்டுலே என்று திட்டினார். அந்தத் திட்டைக் கேட்டுத்தான் எனக்கு மூச்சு வந்தது. ஆனாலும் முழுசாக நம்ப முடியவில்லை.

வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் தலையில் துணி இல்லாமல் நிற்காதே. நீ நினைத்ததெல்லாம் கைகூடி நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும். ஞாயிறு காலையில் மறக்காமல் அப்பாவுக்குப் போன் போடு. விழுந்ததைப் பற்றி வாய் திறக்காதே. பரம்பு மேல் எத்தனை மூட்டை வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டு, வீடியோவில் காட்டச் சொல்.

இப்படிக்கு உன் அம்மா,
சண்முகவடிவு