அம்மாவின் தாலிக்கொடியும் காந்தக் கதிரையும்

வியாழன், மாசி 12

பஸ் களைப்போ என்னவோ, அம்மா பக்கத்தில் குறட்டை விடுகிறார். கேட்க நிம்மதியாக இருக்கிறது.

அம்மாவின் மனச்சோர்வு மருந்துக்கு அடங்காததால் இன்று வவுனியாவில் காந்தச் சிகிச்சை தொடங்கியது. மூளையில் எந்த இடத்தைத் தூண்டுவது என்று அம்மாவின் ஸ்கான் படங்களைப் பார்த்துச் செயற்கை நுண்ணறிவு கணித்துவைத்திருந்தது. நான் திரையையே வாய்பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது தாதி, "கழுத்திலை உலோகம் கூடாது, தாலிக்கொடியைக் கழற்றுங்கோ" என்றார்.

அம்மா கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "அவர் உயிரோடை இருக்கிறார். நான் கழற்றமாட்டன். வா பிள்ளை, வீட்டை போவம்."

போரில் காணாமற்போன அப்பாவை நான் படத்தில்தான் கண்டிருக்கிறேன். சாப்பாடும் நித்திரையும் இல்லாமல் அம்மாவும் போய்விடுவாரோ என்று பயந்தேன்.

முன்பு கொடியைத் திருத்தக் கொடுத்தபோது, அம்மா மஞ்சள் கிழங்குத் துண்டைக் கயிற்றில் கட்டி அணிந்திருந்தது நினைவுக்கு வந்தது. கடைக்கு ஓடி இரண்டையும் வாங்கிவந்தேன். அம்மா முதலில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, பிறகுதான் கொடியைக் கழற்றினார்.

"உங்கடை மகள் இந்தக் கணினியைவிடக் கெட்டிக்காரி," என்றார் தாதி.

"வாயும் அப்பிடித்தான்," என்றார் அம்மா. எவ்வளவு காலத்துக்குப் பிறகு ஒரு நக்கல்!

வீட்டுக்குத் திரும்பும் மல்லாவி பஸ்ஸில் கொடியைத் திரும்பப் போட்டுவிட்டேன். மஞ்சள் கயிற்றை அவிழ்க்கப் போனபோது அம்மா என் கையைத் தட்டினார்.

"விடு. நாளைக்கும் வேணுமெல்லே."